ஊதிப் பார்க்கும் நாள்

"இத இப்ப அடிக்கப்படாது தம்பி" என்று வல்லிபுரம் சொன்னதுதான் பிழையாகப் போயிற்று. பஸ்ஸை மறித்த சோதனைச் சாவடிச் சிப்பாய், ஆஸ்துமாவுக்கு வாய்க்குள் அடிக்கும் அவருடைய முட்டு வருத்தப் பம்பை இரண்டு விரலால் தூக்கிப் பிடித்தபடி ஓரடி பின்னால் போனான்.

"ஏன் அடிக்க ஏலாது? உள்ளுக்கு என்ன?"

"மருந்துதான். இண்டைக்கு ஆஸ்பத்திரி மெசினுக்குள்ள ஊதிப் பாக்கிற நாள். விடியத்தில இருந்து பம்ப் அடிக்கப்படாது, வயிறு முட்டத் தின்னப்படாது, பீடி பத்தப்படாதெண்டு நேர்ஸம்மா சொல்லியிரிக்கா."

சாவடிச் சட்டம் ஒன்றுதான். தண்ணீர்ப் போத்தல் கொண்டுபோனால் குடித்துக் காட்ட வேண்டும். மருந்தானாலும் அப்படியே.

"அடி!" என்றான் சிப்பாய்.

துவக்கு வைத்திருப்பவனோடு என்ன வழக்கு? அடித்தார்.

வெல்லாவெளி அரிசி ஆலையின் உமித்தூசு தின்ற நெஞ்சு அது. பம்புக்கோ தட்டுப்பாடு. மூச்சுக் குறைவென்று மெசின் காட்டினால்தான் புதுப் பம்ப் கொடுப்பார்கள். கையில் இருந்தது தீரப்போகிற பம்ப். அதுவும் இல்லாமல் முட்டு இழுத்தால் என்ன கதி? தனக்கு வந்தால்தானே தெரியும் தலையிடியும் காய்ச்சலும்!

அடுத்த சாவடிக்கு முன் பம்பைச் சாரன் மடிப்பில் ஒளித்தார். தடவிப் பார்த்தவனின் கையில் அதுதான் முதலில் பட்டது.

"ஏன் ஒளிச்சது? அடி! இன்னும் அடி!"

பஸ்ஸில் முன் சீற்றில் இருந்த ஏறாவூர் ஆசியா உம்மாவுக்கு மனம் பொறுக்கவில்லை. "என்னட்டத் தாங்க. பொம்புளையள்ற பைய அவ்வளவாக் கிண்டமாட்டானுகள்" என்று வெற்றிலைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

எங்கே! டவுனுக்குள் நுழையும் பாலத்துச் சாவடியில் பையைக் கவிழ்த்தே பார்த்தார்கள். "நீ அடி" என்றதும் உம்மா பதறிப்போனார்.

"அல்லாவே, எனக்கு ஒரு வருத்தமுமில்ல! அந்தா நிக்கிறாரே, அவர்ரதான்!"

பட்ட காலிலேதானே படும். வல்லிபுரம் அடிக்க அடிக்க, கடைசியில் பம்பிலிருந்து வெறும் காற்றுத்தான் வந்தது.

புளியந்தீவில் இறங்கி ஆஸ்பத்திரிக்கு நடந்தார். நெஞ்சோ, பாவி நெஞ்சு, கலியாணம் முடித்த காலத்தில் இருந்ததுபோல் திறந்து கிடந்தது.

நேர்ஸம்மா மூக்கில் கிளிப் மாட்டினார். "நல்லா இழுங்க... இப்ப ஊதுங்க, ஊதுங்க, விடாதீங்க!"

வல்லிபுரம் குறைத்து ஊதப் பார்த்தார்.

"களவா ஊதுறீங்க ஐயா! திருப்பி ஊதுங்க!"

திருப்பி ஊதினார். மெசின் கோடு ஏறிக்கொண்டே போனது.

"மூச்சு நல்லாயிரிக்கே. உங்களுக்குப் பம்ப் தேவையில்ல."

"ஐயோ அம்மா, வழியெல்லாம் ஆமிக்காரன் அடிக்க வச்சவன்! இன்னொரு நாளைக்கு வாறன்."

"வந்தாலும் அதே வழியாலதானே வருவீங்க?" என்றார் நேர்ஸம்மா. அவருக்கும் முகம் வாடித்தான் இருந்தது.

மெசினைப் பெட்டிக்குள் இறக்கிக் கயிறு கட்டத் தொடங்கிய சிற்றூழியர் கோணாமலை நிமிர்ந்து பார்த்தார்.

"இன்னொரு நாள் எங்க அண்ணே, சாவடி தாண்டி வந்த அவ்வளவு பேரும் உங்களப்போலதான் நல்லா ஊதிட்டாங்க, மட்டக்களப்பில முட்டு வருத்தமே இல்லையெண்டு மெசினையும் பம்பையும் இண்டைக்குக் கொழும்புக்குத் திருப்பி எடுக்கிறாங்க."