வெள்ளை வந்தால் ஜென்டோ

காலை பத்து மணிக்குள் நாற்பத்தேழு பேர் போன் செய்துவிட்டார்கள். எல்லோருக்கும் ஒரே கேள்விதான்: தங்கள் வீட்டுக்குச் சூனியம் வைத்தது யார்?

நல்லம்பள்ளியில் ஒரு மருந்துக்கடையின் மாடியில் இயங்கும் சின்ன சாஃப்ட்வேர் கம்பெனி அது. அங்கே கோகிலா தலையில் கைவைத்து உட்கார்ந்திருந்தாள். கேபிள் டிவிக்காரர் ஒருவருக்காக எழுதிய புரோகிராமில் வீட்டு எண்ணுக்கு, பேச்சுவழக்கிலேயே, ஆங்கில எழுத்தில் 'வூடு' என்று பெயர் வைத்திருந்தாள். ஆங்கிலத்தில் 'வூடூ' என்றால் பில்லி சூனியமாம். புரோகிராம் எழுத உதவும் ஜென்டோ என்கிற ஏ.ஐ. எடிட்டர் அதை எழுத்துப்பிழை என்று திருத்தி, தமிழிலும் மொழிபெயர்த்து, கேபிள் வாடிக்கையாளர்கள் எல்லோருக்கும் எஸ்.எம்.எஸ். போக வைத்துவிட்டது. "உங்கள் சூனியம் எண் 14 இணைக்கப்பட்டது."

பக்கத்து மேசை மாதவராஜ், துக்கம் விசாரிக்க வந்தவனைப் போல முகத்தை வைத்துக்கொண்டான். அவன் டோரிக்ஸ் என்ற இன்னொரு எடிட்டரின் ஆள்.

"நான் அப்பவே சொன்னேங்க. டோரிக்ஸா இருந்தா கேட்டுட்டுதான் மாத்தும்."

"ரெண்டு எடிட்டரெல்லாம் சரிப்படாது. எது நிக்குதோ அது இருக்கட்டும், அத ஓட்டறவங்க ஒருத்தர் போதும்" என்று ஓனர் தீர்த்தகிரி போன வாரமே சொல்லிவிட்டார். ஆறு வருடம் பெங்களூரு ஹாஸ்டல் சாம்பாரைத் தின்றவள் கோகிலா. இப்போது இண்டூரிலிருந்து பஸ்ஸில் வந்து, மதியம் வீட்டுச் சோறு தின்கிறாள். அதை விட்டுவிட்டுத் திரும்பிப் போக அவளுக்கு மனசே இல்லை.

உடனே சரிசெய்யும்படி ஜென்டோவிடம் சொன்னாள். அது மிகவும் வருந்தியது. வருந்தியதோடு நிற்காமல் எல்லோருக்கும் இன்னொரு செய்தியும் அனுப்பியது. "உங்கள் சூனியம் எடுக்கப்பட்டுவிட்டது. சிரமத்துக்கு மன்னிக்கவும்."

போன்கள் இரட்டித்தன. பாதிப் பேர் நன்றி சொன்னார்கள். பாப்பிரெட்டிப்பட்டிக்காரர் ஒருவர், மாட்டுக்கும் எடுப்பீர்களா என்று விசாரித்தார்.

"வுடுங்க, நான் பாக்கறேன்" என்று மாதவராஜ் அதை டோரிக்ஸிடம் கொடுத்தான். டோரிக்ஸ் முறைப்படி அனுமதி கேட்டது, வாங்கியது, மூன்று நிமிடம் யோசித்தது, மொத்தப் புரோகிராமையும் அழித்தது. "இனி இதில் பிழை எதுவும் இல்லை" என்று பச்சை டிக் வேறு.

"கேட்டுட்டுதானே அழிச்சுது?" என்றான் மாதவராஜ். குரலில் தெம்பில்லை.

தீர்த்தகிரி இரண்டு திரைகளையும் மாறி மாறிப் பார்த்தார். திட்டவில்லை. "சாயந்திரம் கோயிலுக்கு வந்துருங்க. அம்மன்கிட்ட பூக் கேட்டுடலாம்."

இலைப் பொட்டலம் ஒன்றில் வெள்ளரளி, இன்னொன்றில் செவ்வரளி. கேள்வியை மனசுக்குள் கேட்டுக்கொண்டு, யாரையாவது விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். கல்யாணமும் போர்வெல்லும் இப்படித்தான் முடிவாகும். எடிட்டர் முடிவாவது இதுவே முதல் தடவை.

"வெள்ள வந்தா ஜென்டோங்களா?" என்றாள் கோகிலா.

"ம்... அப்படியே வெச்சுக்கலாம்" என்றார் தீர்த்தகிரி, ஜன்னலைப் பார்த்துக்கொண்டு.

முழுப் பொறுப்பையும் அம்மன் தலையில் போட கோகிலாவுக்குத் துணிச்சல் வரவில்லை. அரைமணி முன்னதாகவே கோயிலுக்குப் போனாள். வாசலில் பூ விற்கும் சின்னக்காதான் பொட்டலம் கட்டுவாள், எடுப்பதும் அவள்தான்.

"யக்கா, வெள்ளப் பொட்டலத்துல நூல ரெண்டு சுத்து சுத்துங்க. எடுக்கறப்ப அதையே எடுங்க. என் பொழப்பே இதுலதான் இருக்குது."

சின்னக்கா அவளை ஏற இறங்கப் பார்த்தாள். "உனக்கும் வெள்ளதானா? செரி கண்ணு."

கற்பூரம் காட்டி முடிந்ததும் சின்னக்காவின் கை சிவப்பின் மேல் ஒரு கணம் நின்றது. கோகிலாவுக்கு உயிரே போய்வந்தது. பிறகு கை நகர்ந்து இரண்டு சுற்றுப் பொட்டலத்தை எடுத்தது.

வெள்ளை.

மாதவராஜ் செருப்பைத் தேடிப் போனான். தீர்த்தகிரி கன்னத்தில் போட்டுக்கொண்டார், கண் கலங்கியிருந்தது. ஓர் எடிட்டருக்கு இத்தனை உருக்கமா என்று கோகிலாவுக்கே கூச்சமாகிவிட்டது. அவர் போனை எடுத்து யாரிடமோ, "வெள்ள வந்துருச்சுங்க, நாளைக்கே ஆரம்பிச்சுடலாம்" என்றபடி படியிறங்கினார்.

கோகிலா வாசலுக்கு ஓடினாள். "ரொம்ப நன்றிங்கக்கா. என் வேலையக் காப்பாத்திக் குடுத்தீங்க."

சின்னக்கா மிச்சப் பூவுக்குத் தண்ணீர் தெளித்தாள்.

"வேலையா? வெள்ள வந்தா கம்பெனிய மூடிட்டு கோழிப்பண்ண வெக்கறேன்னு உங்க ஓனரு மத்தியானம் பூ சொல்ல வந்தப்பவே சொன்னாரே. நீயும் வெள்ளையே கேக்கவும், பண்ணையில உனக்கும் பங்கு இருக்கும்னுல்ல நெனச்சேன்!"