கணக்கின்படி டச்சஸுக்கு இன்னும் காய்ச்சல்

கோரம்பரா,
ஞாயிறு காலை

அன்புள்ள தங்கை நோரீனுக்கு, அண்ணன் மெர்வ் எழுதுவது. இங்கே அனைவரும் நலம் என்று எழுதத்தான் பேனாவை எடுத்தேன். அதற்குள் தும்மல் வந்துவிட்டதால் அந்த வரியை விட்டுவிடுகிறேன். நீயும் உன் வீட்டுக்காரரும் ஆடுகளும் சௌக்கியமாக இருக்க வேண்டும்.

விஷயம் இதுதான். மெல்பர்னில் இருக்கிற என் மகள் லியான் ஒரு மாத வேலையாகப் பெர்த் போனவள், தன் புருஷன் ஃபெர்கஸை என்னிடம் விட்டுப் போனாள். வைரஸ் உடம்புக்குள் நுழைந்தால் எப்படிப் பெருகும், உடம்பின் எதிர்ப்புப் படை எப்போது எழுந்து அடிக்கும், என்றைக்கு நோய் விடும் என்றெல்லாம் சமன்பாடு போட்டுக் கோடாக வரைகிற உத்தியோகம் அவனுக்கு. அவன் வந்த அன்று எனக்கு ஏற்கெனவே ஃப்ளூ. மடியிலேயே கிடந்ததால் டச்சஸுக்கும் ஒட்டிக்கொண்டது. கீரிப்பிள்ளைக்கு ஒன்றுவிட்ட தங்கை என்று நீ கேலி செய்வாயே, முயல் பிடிக்கிற என் ஃபெரெட், அவள்தான். "ஃபெரெட்டா!" என்று துள்ளினான் பார். மனுஷனுக்கு வருகிற ஃப்ளூ அப்படியே ஃபெரெட்டுக்கும் வருமாம், இவன் கணக்கெல்லாமே ஃபெரெட் கணக்குதானாம். "இத்தனை வருஷமா இதைக் கணக்குலதான் பாத்திருக்கேன், நேர்ல இப்பதான் பாக்கறேன். எந்தப் பக்கம் கடிக்கும் மெர்வ்?"ன்னு கேட்டான். நான் வாயைத் திறக்கறதுக்குள்ள டச்சஸே காட்டிட்டா.

அன்னிலேர்ந்து பிடிச்சுது சனி. காலையும் மாலையும் அவ மூக்கைக் கழுவறான், என் மூக்கைக் கழுவறான், அந்தத் தண்ணியை அப்புறம் வைரஸ் எண்ணணும்னு என் ஊறுகாய் பாட்டில்ல பிடிச்சு வைக்கறான், ஃப்ரிட்ஜ் கதவு பூரா கோடு. அவ நேரா இவன் மூஞ்சியில தும்ம, இவனுக்கும் வந்தாச்சு. அதுக்கு அழணுமா இல்லையா? "இப்ப மூணு கோடு!"ன்னு குதிக்கறான். மாத்திரை குடுத்தா வேண்டாமாம், கோடு கெட்டுடுமாம். டச்சஸுக்கு ரெண்டு சொட்டு பிராந்தி ஊத்தப் போனா, "என் சமன்பாட்டுல பிராந்திக்கு இடமே இல்ல மெர்வ்"ங்கறான். என் வீட்டுல இருக்குடா!

வெள்ளிக்கிழமை அவ ஒரு முட்டையைத் தின்னுட்டு, இவன் காலுறையைத் தூக்கிட்டு சோபாவுக்கு அடியில ஓடினா. எனக்குக் கண்ணுல தண்ணியே வந்துடுச்சு. இவன் ஃப்ரிட்ஜைப் பாத்துட்டு சோகமா நிக்கறான். "இல்ல மெர்வ், கணக்குப்படி இன்னும் வைரஸ் இருக்கு. திங்கக்கிழமைதான் கோடு தரையைத் தொடுது. நாளைக்குப் பந்தயத்துக்குக் கூட்டிட்டுப் போனீங்கன்னா மத்த ஃபெரெட்டுக்கெல்லாம் ஒட்டிக்கும்."

எந்தப் பந்தயம்? சந்தையில ஃபெரெட்டுங்களைக் குழாய்க்குள்ள ஓட விடற குழாய்ப் பந்தயம்டி! வருஷா வருஷம் அந்த கிளாரியோட ஃபெரெட்தான் ஜெயிக்கும், அவன் கோப்பையைத் தூக்கிட்டு, என் வீட்டு வாசல் வழியாத்தான் மெதுவா நடந்து போவான். நான் கேப்பேனா? அவளைக் கோட் பாக்கெட்டுக்குள்ள போட்டுக்கிட்டு நைசா கிளம்பிட்டேன். ஜெயிச்சுட்டா நோரீன்! கிளாரி மூஞ்சியைப் பாக்கணுமே! கோப்பை இப்ப ஃப்ரிட்ஜ் மேல, அந்தக் கோட்டுக்கெல்லாம் மேல உக்காந்திருக்கு.

ஆகவே, இந்த மாப்பிள்ளையோடு ஒரே கூரையின் கீழ் இனி என்னால் முடியாது. உடனே வந்து அழைத்துப் போகும்படி லியானுக்கு நீ சொன்னால் கேட்பாள். உன் ஆடுகள் பெருகட்டும், தண்ணீர்த் தொட்டி வழியட்டும், உன் வீட்டுக்காரரின் குறட்டை குறையட்டும்.

இப்படிக்கு,
உன் பாசமுள்ள அண்ணன்
மெர்வ்

பி.கு. (செவ்வாய்): தபால்தலை இல்லாமல் இது இங்கேயே கிடந்தது நல்லதாப் போச்சு. லியான்கிட்ட வாயைத் திறக்காதே. நேத்து கிளாரி வாசல்ல வந்து நின்னான், சட்டைக்குள்ள அவனோட ஃபெரெட் தும்முது. அவன் பின்னால பந்தயத்துக்கு வந்த அத்தனை பேரும், அத்தனை தும்மலும். "எவன்டா இதை ஆரம்பிச்சது?"ன்னு கத்தறான். நான் கதவுக்குப் பின்னால நகந்துட்டேன். போர்வையைப் போத்திக்கிட்டு ஃபெர்கஸ் முன்னால வந்து, "நான்தாங்க, மெல்பர்ன்லேர்ந்து கொண்டுவந்துட்டேன்"னான். வாங்கின திட்டு கொஞ்சமில்ல. அப்புறம் ஏம்ப்பா அப்படிச் சொன்னேன்னு கேட்டா, "கணக்குல யாராவது ஒருத்தரை முதல் ஆளா வெச்சாகணும் மெர்வ். நான் கிளம்பிப் போயிடுவேன், நீங்க இதே ஊர்லதானே இருக்கணும்"னான். வெக்கமாப் போச்சுடி. கிளாரி வீட்டுக்குப் போய் உண்மையைச் சொல்லி, கோப்பையையும் குடுத்துட்டு, அதே திட்டை முதல்லேர்ந்து நான் வாங்கிட்டு வந்தேன். இப்ப ஊர் ஃபெரெட் பூரா எங்க சமையலறையிலதான். மூக்கு கழுவ அவன் இருக்கான், கோடு போடவும் அவன் இருக்கான். கடி வாங்கத்தான் ஆள் பத்தலை. நீ ஒரு வாரம் வந்து இருந்துட்டுப் போயேன்.