எலியாரின் பண்டமாற்று

ஊர்க்காவல் புனிதர் சான் மிகேல் சிலைமேல் கை வைத்துச் சத்தியம் செய்தான் நிக்கானோர். "இனி சுருட்டைத் தொட்டா இந்தக் கை அழுகிப் போகட்டும்!" பெண்டாட்டி தொமாசா உருகிப் போனாள்.

சத்தியத்துக்குக் காரணம் இருந்தது. ஊர் பேண்டில் இருபது வருஷமாய் ட்ரம்பெட் அவனுடையது. இப்போதோ நாலு ஸ்வரம் ஊதினால் நாற்பது இருமல். திருவிழாவுக்குள் இருமல் நிற்காவிட்டால் ட்ரம்பெட் அவன் மச்சானுக்குப் போய்விடும் என்று பேண்டு மாஸ்டர் சொல்லிவிட்டார்.

சத்தியம் செய்து அரைமணி ஆகவில்லை, சுருட்டு டப்பாவோடு கொல்லைக்குப் போனான். அங்கே கள்ளிப் புதருக்கடியில் ஒரு காட்டு எலி குச்சியும் முள்ளும் எலும்புமாய்க் கோட்டை கட்டியிருந்தது. அதற்குள் எவள் கை விடுவாள்? செருகி வைத்தான். தொமாசா மதியம் கண்ணயரும்போது வந்து இழுத்துக்கொள்ளலாம்.

மதியம் வந்து பார்த்தால் சுருட்டு ஒன்றுகூட இல்லை. டப்பாவில் குளுகுளுவென்று ஒரு கள்ளிப்பழம்! அந்த எலிக்கு அது குலவழக்கம். ஒன்றை எடுத்தால் இன்னொன்றை வைத்துவிட்டுத்தான் போகும், ஊரில் பச்சைப் பிள்ளைக்கும் தெரியும். யாரிடம் போய் அழுவது? திருடனுக்குத் தேள் கொட்டின கதைதான். பழத்தைத் தின்றுவிட்டு வேறு சுருட்டு வாங்கி வைத்தான். அதுவும் போயிற்று. இன்னொரு பழம்.

ஆறு வாரம் இதே கூத்து. ஒரு புகை கிடைக்கவில்லை. இருமலும் போன இடம் தெரியவில்லை. திருவிழாவில் அவன் இழுத்த நீள ஸ்வரத்துக்கு மாஸ்டரே தொப்பியைக் கழற்றினார்.

வீட்டுக்கு வந்தால் தொமாசா எலிப்பொறியோடு நிற்கிறாள்.

"யோவ், விருந்துக்கு அந்த எலியைப் பிடிச்சு சாறு வைக்கப் போறேன்."

"ஐயோ, வேணாம்டி! அது என் தெய்வம்!"

"போன வருஷம் ரெண்டு கிண்ணம் குடிச்சியே, அப்ப தெய்வமா தெரியலியா?"

வேறு வழியில்லை. எல்லாவற்றையும் கொட்டித் தீர்த்தான். கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. "என் மூச்சைத் திருப்பிக் குடுத்தது அதுதான் தொமாசா. சாகற வரைக்கும் மறக்க மாட்டேன்."

"அத்தனை பழம் தின்னியே, ஒரு முள்ளாவது குத்துச்சா?"

"இல்லியே..."

"எந்த ஊரு எலிய்யா முள்ளைச் சீவிட்டுப் பழம் வைக்கும்?"

நிக்கானோர் வாயைப் பிளந்தான். "அந்த முள்ளுக் கோட்டைக்குள்ள எப்படிடி கை விட்ட?"

"அடுப்பு இடுக்கி எதுக்கு இருக்கு?"

பழம் சீவிச் சீவி அவள் விரலெல்லாம் முள் கீறல். ஆறு வாரமாய் அதைப் பார்க்காத தன் கண்ணை நொந்துகொண்டு, ஒவ்வொரு விரலாய் முத்தமிட்டான். "இதுக்கு நான் என்னடி கைமாறு செய்வேன்?"

தொமாசா கத்தியையும் ஒரு கூடைக் கள்ளிப்பழத்தையும் அவன் மடியில் வைத்தாள்.

"விருந்துக்கு முப்பது பேரு வர்றாங்க. முள்ளைச் சீவு."