ஏழாம் எண் கேமராவின் படம்

"இது என்ன, கரி மூட்டையா?" என்றார் முசிஸ்கா.

கணினித் திரையில் கறுப்பாக ஏதோ இருந்தது. அதற்குள் இன்னும் கறுப்பாக வேறொன்று.

முசிஸ்கா அந்த வனக்காவல் நிலையத்தின் தலைவர். ஒன்பது வருடமாக நம்பேரா மலையில் ஏறி இறங்கிச் சிறுத்தையின் காலடித் தடத்தை மட்டும் பார்த்தவர். "அங்கே சிறுத்தையே இல்லை, காட்டை மர வியாபாரிகளுக்குக் கொடுத்துவிடலாம்" என்று நாளை தலைநகர் லிலோங்வேயில் அதிகாரிகள் முடிவெடுக்கப் போகிறார்கள். போன வாரம் கல்லூரி மாணவர்கள் வந்து பன்னிரண்டு கேமராக்களை ஆளுக்கொரு பக்கமாகக் கட்டிவிட்டு, எந்த எண் எங்கே என்று சொல்லாமலே போயிருந்தார்கள். அவை படங்களைத் தாமாகவே இணையத்தில் ஏற்றும். இன்று விடிகாலையில் ஏழாம் எண் ஏற்றிய படம் இது.

"வெளிச்சத்தக் கூட்டிப் பாக்கலாங்கய்யா" என்றாள் எழுத்தர் டாவோங்கா.

கூட்டினாள். படம் வெளுத்துப் போனது.

"இப்ப மாவு மூட்டை. பெரிசு பண்ணும்மா."

பெரிதாக்கினாள். சதுரம் சதுரமாகப் பழுப்பு.

"இது காதுதானே?"

"கல்லுங்கய்யா."

"கல்லுக்கு எதுக்கும்மா காது? தள்ளு, நான் பாக்கறேன்."

விசைப்பலகையை இழுத்து நான்கைந்து விசைகளைச் சேர்த்து அழுத்தினார். திரை தலைகீழாகப் புரண்டது. பதறிப்போய் இன்னும் நாலு தட்டு தட்டினார். படம் மூடிக்கொண்டது, நிறங்களும் மாறிவிட்டன. திரையின் பின்னணியில் அவர் வைத்திருந்த மனைவியின் படம்தான் மிஞ்சியது.

"ஐயா, அம்மா நீலமாயிட்டாங்க!"

"அவகிட்ட சொல்லித் தொலைக்காதே!"

இருவரும் கழுத்தை வளைத்துத் தலைகீழான திரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோது, துப்புரவு வேலை பார்க்கும் எனெசி தேநீரும் மண்டாசி என்னும் பொரித்த மாவு உருண்டைகளும் கொண்டுவந்தாள். "ரெண்டு பேருக்குமே கழுத்து சுளுக்கா?" என்று கேட்டாள்.

டாவோங்கா ஒவ்வொன்றாகச் சரிசெய்தாள். திரை நிமிர்ந்தது. அம்மா பழைய நிறத்துக்கு வந்தார். பிறகு பிரௌசரின் அமைப்புகளைத் திறந்தவள் நெற்றியில் அடித்துக்கொண்டாள்.

"டேட்டாவ மிச்சம் பிடிக்கிற வசதியப் போன மாசம் நீங்கதானே போட வச்சீங்க? அதான் படத்த நசுக்கி நசுக்கிக் காட்டுது."

"எடுத்து விடு! டேட்டா போனாப் போகட்டும்!"

படம் மறுபடி திறந்தது, மேலிருந்து கொஞ்சம் கொஞ்சமாக. முதலில் விடியலின் வெளிச்சம். பனி சொட்டும் இலைகள். பிறகு இரண்டு காதுகள். பிறகு கண்கள்.

பொன்னிற உடலில் மையால் தொட்டு வைத்தாற்போல் புள்ளிகள். மீசை மயிரில்கூட ஒரு பனித்துளி நின்றது. அது நேராக அவர்களையே பார்த்தது.

முசிஸ்கா தொப்பியைக் கழற்றினார்.

"சத்தம் போடாதீங்க, ஓடிடும்" என்றார் மெல்ல. படம்தான் என்று அவருக்கு யாரும் நினைவூட்டவில்லை. டாவோங்காவே மூச்சை அடக்கிக்கொண்டுதான் நின்றாள்.

"ஒன்பது வருஷம்மா..." அவர் தொப்பியை நெஞ்சோடு சேர்த்துக்கொண்டார். "எந்த அடர்ந்த காட்டுல இருக்காளோ, ராணி! பின்னால பாரு, ஒரே பச்சை. மனுஷன் கால் படாத இடம்!"

எனெசி தட்டைக் கீழே வைத்துவிட்டுத் திரைக்கு அருகே குனிந்தாள்.

"காடு எங்கங்கய்யா? அது நம்ம ஆபீஸ் கக்கூஸ் கதவு. நேத்துதான் நான் பச்சை பெயிண்ட் அடிச்சேன்."