மக்காச்சோளத்தை அடையாளம் காணும் மருந்து

அஸ்தினாபுரம்,
19.11.2006

பெரம்பலூர் மூத்த மைத்துனர் அவர்களுக்கு, தங்கை வீட்டுக்காரன் ரங்கநாதன் வணக்கத்துடன் எழுதிக்கொண்டது. இங்கே நானும் மழையும் நலம். உங்கள் தங்கை சுந்தரவல்லியும் நலமாகத்தான் இருக்க வேண்டும். என்னோடு பேசிப் பதினொரு நாள் ஆவதால் உறுதியாகச் சொல்ல முடியவில்லை. காரணம், நீங்கள் அனுப்பிய அட்ரசின் களைக்கொல்லி.

குறை சொல்ல எழுதவில்லை. பிரமித்துப்போய் எழுதுகிறேன். விதைத்த மூன்றாம் நாள் ஈரமண்ணில் தெளித்தால் களை சாகும், மக்காச்சோளம் நிற்கும் என்றீர்கள். முப்பத்து நான்கு வருடம் அலுவலகத்தில் பணியாளர் பிரிவைப் பார்த்தவன் நான். எது பயிர், எது களை என்று கடைசிவரை தெரியாமல் எல்லோருக்கும் ஒரே மாதிரி இன்கிரிமென்ட் போட்டுவிட்டு ஓய்வு பெற்றேன். ஒரு வெள்ளைப் பொடி அதைச் சில நாளில் தீர்மானிக்கும் என்றால் கைகூப்பத்தானே தோன்றும்? வீட்டை ஒட்டிய அரை கிரவுண்டில், விதைக்கு மூச்சு முட்டக் கூடாதென்று சோளத்தை மண்ணுக்கு மேலாகவே தூவினேன். தெளிப்பானை இரவல் கொடுத்தவர் பக்கத்து வீட்டுப் பொன்னுரங்கம்; இந்தத் தெருவே ஒரு காலத்தில் அவர்கள் குடும்பத்து வயல். "இன்னா சார், களை எடுக்க எங்க தாத்தா நாப்பது பேரை எறக்குவாரு. நீங்க ஒண்டி ஆளா டப்பாவை மாட்டிகினு கீறீங்களே!" என்றார். அவருக்கும் பிரமிப்புதான். தெளித்தபின் மண்ணைக் கிளறக் கூடாது என்ற உங்கள் உத்தரவுப்படி யாரையும் உள்ளே விடவில்லை. மைனாக்கள் மட்டும் வந்தன. மெதுவாக நடந்ததால் அனுமதித்தேன்.

பத்தே நாளில் அதிசயம். அங்கங்கே முளைத்த இரட்டை இலைச் செடிகள் மஞ்சளாகி, வெளுத்து, மடிந்தன. மக்காச்சோளம் மட்டும் பளபளவென்று நிமிர்ந்தது. நான் விதைக்காத இடத்தில்கூட வந்திருக்கிறது. உங்கள் ஊர்ச் சோளத்தைவிட இலை சற்று ஒல்லி; புறநகர்க் காற்றுக்கு அப்படித்தான் போலும். மடிந்தவை களையல்ல, உங்கள் தங்கை எனக்குத் தெரியாமல் ஊன்றிய அரைக்கீரையும் தட்டைப்பயறும் என்பது பிறகுதான் தெரிந்தது. பயறு இருந்தால் இந்த மருந்து ஆகாது என்று உங்கள் கடிதத்தின் பின்பக்கம் எழுதியிருந்தீர்கள். நான் முன்பக்கத்திலேயே பிரமித்துவிட்டேன். வாடிய செடியும் கையுமாக வந்தவள், "மருந்துக்கு எது களைன்னு தெரியுதாம். இந்த வீட்ல எது களைன்னு எனக்கும் தெரியும். இனிமே உங்களோட பேச்சில்ல" என்றாள். அன்றிலிருந்து குழம்பில் உப்பு குறைந்தால் சுவரிடம் சொல்கிறேன். சோளத்துக்கு யூரியா போட்டு வருகிறேன். பொங்கலுக்கு முதல் கதிரை அவள் கையில் கொடுத்துவிட்டால் பேசிவிடுவாள் என்று நம்பிக்கை.

உங்கள் கிணற்றில் தண்ணீரும் கதிரில் மணியும் குறையாதிருக்க வேண்டுகிறேன். வீட்டில் அனைவரையும் கேட்டதாகச் சொல்லவும்.

இப்படிக்கு,
ரங்கநாதன்

பி.கு.: வழக்கம்போல் அவளும் ஒரு வரி சேர்க்கட்டும் என்று கடிதத்தை உங்கள் தங்கை பக்கத்தில் வைத்தேன். படித்துவிட்டு அவள் சிரித்த சிரிப்பில் பொன்னுரங்கம் மதிலுக்கு மேல் எட்டிப் பார்த்தார். பதினொரு நாள் கழித்து அவளே வாய் திறந்தாள்:

"அது கோரைக் களைங்க. சோளத்தை மொத வாரமே மைனா பொறுக்கித் தின்னுடுச்சு. கோரைக்குப் போயி யூரியா போட்டுட்டு இருக்கீங்க."

"முன்னாடியே சொல்லக் கூடாதா?"

"பேச்சில்லன்னு சொல்லியிருந்தேனே."

ஆகவே மேலே கண்ட எதையும் பொருட்படுத்த வேண்டாம். கோரைக்கு மருந்து இருந்தாலும் அனுப்ப வேண்டாம். அவளைப் பேசவைத்த பயிர் அது. இன்று மாலையும் யூரியா போட்டேன். வாளியை எடுத்துக் கொடுத்தது அவள்தான்.