மைக் செட்டில் வந்த இண்டர்வியூ

முன்னேறியே தீருவது என்று முடிவெடுத்துவிட்ட ஒருவனை வீட்டில் வைத்துக்கொண்டு குடும்பம் நடத்துவது பெரிய கஷ்டம். அவன் நாலரைக்கு அலாரம் வைப்பான். அது அடித்ததும் வீட்டில் எல்லோரும் எழுந்துகொள்வார்கள், அவன் மட்டும் எழமாட்டான். காபியை விட்டுவிட்டேன் என்று அறிவிப்பான், அப்புறம் அம்மாவின் டம்ளரிலிருந்து இரண்டு வாய் குடிப்பான். எனக்கு இருபத்தாறாவது வயதில் அந்தக் கோளாறு வந்தது. ஒரே ஒரு ஆடி மாதம்தான் இருந்தது. அதற்குள் நான் செய்துவைத்த காரியத்தை எங்கள் ஊர் இன்றுவரை மறக்கவில்லை.

எங்கள் ஊர் உத்திரமேரூரிலிருந்து மானாம்பதி போகிற வழியில், சாலையை விட்டு உள்ளே தள்ளி இருக்கிறது. டிப்ளமோ முடித்த நான் ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் ஒப்பந்தத் தொழிலாளி. அங்கே நிரந்தரமானவர்களுக்கு நீலச் சட்டை, எங்களுக்குச் சாம்பல் சட்டை. ஒரே மெஷின், ஒரே வேலை, கேன்டீனில் ஒரே சாம்பார், சட்டை மட்டும் வேறு. பதினோரு மாதம் முடிந்ததும் எங்களை வீட்டுக்கு அனுப்பிவிட்டு, மனம் இருந்தால் மறுபடி கூப்பிடுவார்கள். நாலு வருடமாக இதே கதை. பதினோராவது மாதம் நெருங்கினாலே எனக்குச் சோறு இறங்காது. அந்த ஆடியிலும் அனுப்பிவிட்டிருந்தார்கள். போன் அடித்தால் பயம், அடிக்காவிட்டால் அதைவிடப் பயம். நீலச் சட்டை ஒன்றைப் போட்டுவிட வேண்டும் என்பதைத் தவிர வேறு நினைப்பே இல்லாமல் வீட்டுக்குள் நடந்துகொண்டிருந்தேன்.

அப்போதுதான் காஞ்சிபுரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தில் 'உன் வாழ்க்கை உன் கையில்' என்று ஒருநாள் பயிற்சி நடந்தது. போனேன். அந்த வெயிலில் கோட் போட்டுக்கொண்டு, காதிலிருந்து வாய்க்கு நீளும் மைக்கோடு ஒருவர் மேடையில் குறுக்கும் நெடுக்கும் ஓடினார். பத்து இலக்குகளை எழுதச் சொன்னார். எனக்கு முதல் இலக்கு நீலச் சட்டை. இரண்டாவது ஆங்கிலம். பத்தாவதுக்கு ஒன்றும் தோன்றாமல் 'கடலில் நீந்துதல்' என்று எழுதினேன் (ஏரியிலேயே இடுப்புக்கு மேல் இறங்கினதில்லை). கடைசியில் அவர் எங்களைப் பார்த்து, "எழுதினா மட்டும் போதாது. ஊரறியச் சொல்லுங்க. சொல்லிட்டா பின்வாங்க முடியாது!" என்று கத்தினார். நாங்களும் கத்தினோம். மண்டபத்தைவிட்டு வெளியே வந்தபோது எதையாவது யாரிடமாவது உடனே சொல்லியாக வேண்டும் போல இருந்தது. பஸ்ஸில் கண்டக்டரிடம் சொன்னேன். அவர் சில்லறை கேட்டார்.

அதே வாரம் நல்ல சேதியும் வந்தது. வேறொரு கம்பெனியில் டிரெய்னி சூப்பர்வைசர் வேலை, எடுத்த எடுப்பில் நிரந்தரம். அடுத்த புதன்கிழமை காலை பத்து மணிக்கு நேரில் வரச் சொல்லியிருந்தார்கள். இனி ஊரறியச் சொல்ல வேண்டியதுதான் பாக்கி.

எங்கள் ஊரில் ஊரறிய ஒன்றைச் சொல்ல ஒரே வழி மைக் செட். வெள்ளிக்கிழமை எல்லையம்மன் கோயிலில் ஆடிக் கூழுக்குக் காப்புக் கட்டு. மைக் செட்டுக்காரன் அன்பு என் கூடப் படித்தவன். அவனைக் கெஞ்சி, என் போனை அவன் ஆம்ப்ளிஃபயரோடு புளூடூத்தில் இணைத்து, பயிற்சிக்காரர் அனுப்பிய வீர இசையைப் பின்னால் ஓடவிட்டு, மைக்கை வாங்கிக்கொண்டேன். "வர்ற புதன்கிழமை நான் சூப்பர்வைசர் ஆகப்போறேன்! இதுக்கு ஊர் சாட்சி! எல்லையம்மன் சாட்சி!" என்று முழங்கினேன். அம்மன் சாட்சி என்பது நான் எழுதிவைத்திருந்ததில் இல்லை. வாய் வந்த வேகத்தில் அதுவாக வந்துவிட்டது.

கூட்டத்தில் நாலு பேர் கை தட்டினார்கள். பூசாரி ஏகாம்பரம் மாமா தட்டவில்லை. மஞ்சள் கயிற்றோடு நேரே என்னிடம் வந்தார்.

"அம்மா சாட்சின்னு வாய் வுட்டுச் சொல்லிக்கினியே, கைய நீட்டு."

நீட்டினேன். கட்டிவிட்டார். "இன்னா மாமா இது?"

"காப்புடா. வேண்டிக்கினவன் கட்டிக்கணும் இல்ல? அடுத்த ஞாயித்துக்கிழம கூயு ஊத்தி முடிச்சு நானா அவுக்குற வரைக்கும் எல்லக் கல்லத் தாண்டக் கூடாது. கவுச்சி கூடாது, சவரம் கூடாது."

"மாமா, புதன்கிழம எனக்கு இண்டர்வியூ கீது."

"எங்க?"

"ஒரகடம்."

"அப்ப ஒரகடத்த இங்க வரச் சொல்லு" என்று சொல்லிவிட்டு அடுத்த கையைத் தேடிப் போய்விட்டார்.

இலக்கை அடைவதற்காகச் சபதம் போட்டு, அந்தச் சபதத்தாலேயே இலக்கு இருக்கிற ஊருக்குப் போக முடியாமல் மாட்டிக்கொண்டவன் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். வீட்டில் மெதுவாக, ஒரு அரை நாள் போய்வந்தால் என்ன ஆகும் என்று கேட்டுப் பார்த்தேன். அம்மா முறத்தைக் கீழே வைத்துவிட்டு, "எல்லையம்மா உன்ன ஒண்ணும் பண்ண மாட்டா. பெத்தவ என்னத்தான் கேள்வி கேப்பா" என்றாள். மூன்று நாள் ஊர் எல்லைக் கல்வரை நடந்து போய், அந்தப் பக்கத்தைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டுத் திரும்பினேன். ஒருநாள் கட்டைவிரலை மட்டும் தாண்டி வைத்துப் பார்த்தேன் (உடனே எடுத்துவிட்டேன், அன்று முழுக்க அந்த விரல் வலித்தது). என் தங்கை செல்வி மட்டும், "அண்ணா, அந்தப் பத்து இலக்குல எல்லத் தாண்டுறதையும் சேத்துக்கோ" என்று சொல்லிக்கொண்டே அலைந்தாள்.

செவ்வாய்க்கிழமை காலை கம்பெனிக்குப் போன் செய்தேன். எடுத்த பெண்மணி, ஏன் வர முடியாது என்று இங்கிலீஷில் கேட்டார். காப்புக் கட்டியிருக்கிறேன் என்று சொல்ல வாய் வந்தது. ஆனால் நான் முன்னேறிக்கொண்டிருந்தவன் இல்லையா? கையில் மஞ்சள் கயிறு கட்டியிருப்பதால் ஊரைத் தாண்ட மாட்டேன் என்று ஒரு வருங்கால சூப்பர்வைசர் சொல்லலாமா? பட்டிக்காட்டான் என்று நினைத்துவிட்டால்? "மேடம்... எனக்கு அம்மை" என்றேன். அவர் பதறிப்போய், வரவே வேண்டாம், வீடியோ காலில் வைத்துக்கொள்ளலாம் என்று சொல்லிவிட்டார். போனை வைத்த பிறகுதான் கையைப் பார்த்தேன். அம்மன் பேரில் காப்பைக் கட்டிக்கொண்டு அம்மன் பேரிலேயே பொய் சொல்லியிருக்கிறேன். அன்று மதியமும் சோறு இறங்கவில்லை.

எங்கள் வீட்டில் டவர் கிடைக்காது. ஊரிலேயே ஒழுங்காகக் கிடைக்கிற இடம் கோயில் மேடைதான். புதன்கிழமை ஒன்பதே முக்காலுக்கே போய் உட்கார்ந்துவிட்டேன். ஐந்து நாள் தாடி. மேலே வெள்ளைச் சட்டை, கீழே மஞ்சள் வேட்டி. டை வேண்டும் என்று கேட்டதற்கு அன்பு தன் மகனின் பள்ளிக்கூட டையைக் கொண்டுவந்திருந்தான். எலாஸ்டிக் வைத்த டை, கழுத்தை இறுக்கியது, மார்புக்குழிக்கு மேலேயே முடிந்துவிட்டது.

"உனக்காவ பாட்ட நிறுத்திட்டேன். யாரும் பேஜார் பண்ண மாட்டாங்கோ. நான் போய் நாஷ்டா துன்னுட்டு வந்துர்றேன்" என்று அன்பு மைக் செட் அறையைப் பூட்டிச் சாவியைப் பையில் போட்டுக்கொண்டு போனான். பாட்டை நிறுத்தியவன் ஆம்ப்ளிஃபயரை நிறுத்தவில்லை. வெள்ளிக்கிழமை பழகின பழக்கத்தில் என் போன் தானாகவே அதோடு ஒட்டிக்கொண்டதும் எனக்குத் தெரியாது.

பத்து மணிக்குத் திரையில் ஒரு அதிகாரி வந்தார். நரைத்த மீசை, சாந்தமான முகம். அவர் வாயைத் திறந்தார். குரல் என் தலைக்கு மேலே புளியமரத்தில் கட்டியிருந்த குழாய் ஸ்பீக்கரிலிருந்து வந்தது.

"குட் மார்னிங் குமரேசன்! அம்மை எப்படி இருக்கு இப்போ?"

மரத்திலிருந்த காக்கைகள் மொத்தமாகப் பறந்தன. ஏரிக்கரையிலும் காலனியிலும் கட்டியிருந்த குழாய்களிலிருந்து ஒரு நொடி தாமதமாக, அம்மை எப்படி இருக்கு என்று மறுபடி வந்தது. சத்தத்தைக் குறைக்கிறேன் என்று பொத்தானை அழுத்தினேன், கூடிவிட்டது.

"பரவாயில்ல சார்" என்று முணுமுணுத்தேன்.

"முகத்துல ஒண்ணுமே தெரியலையே?"

"முதுகுல சார்."

"முதுகுலயா?" என்று ஊர் முழுக்கக் கேட்டது.

என் பதில் ஒன்றுகூட ஊருக்குக் கேட்கவில்லை. கேள்விகள் மட்டும் கேட்டன. கண்ணைப் பார்த்துப் பேச வேண்டும், கையை ஆட்டக் கூடாது என்று பயிற்சியில் சொல்லிக்கொடுத்திருந்ததால் போனை அணைக்கவும் தோன்றவில்லை. அவர் அடுத்த கேள்விக்குப் போனார். "உங்க பலவீனம் என்னன்னு நினைக்கிறீங்க?" இதற்குச் செல்வி சமையலறையில் நின்று பதில் சொல்ல ஆரம்பித்ததாகவும், அரிசி உலை கொதித்து வழிந்த பிறகும் சொல்லி முடியவில்லை என்றும் பிற்பாடு தெரிந்தது.

நான் நேரம் தவறாமை பற்றி ஏதோ உளறிக்கொண்டிருக்கும்போதே தெருமுனையில் கூட்டம் தெரிந்தது. முன்னால் அம்மா, தலைமுடி அவிழ்ந்து, வாயில் அடித்துக்கொண்டு. அவளுக்குப் பின்னால் மஞ்சள் தண்ணீர்ச் சொம்போடு ஏகாம்பரம் மாமா. அவருக்கும் பின்னால் பாதி ஊர், ஆளுக்கொரு வேப்பங்கொத்தோடு.

"தாயே, எம்புள்ள மேல எறங்கிட்டியா! ஒரு வார்த்த சொல்லலியேடா பாவி!"

"சார், ஒரு நிமிஷம்" என்று நான் சொல்லி முடிப்பதற்குள் ஒரு சொம்பு மஞ்சள் தண்ணீர் தலையில் விழுந்தது. டை நனைந்து இன்னும் இறுகியது. யாரோ வேப்பிலையால் முகத்தைத் தடவினார்கள். "அங்க என்ன நடக்குது?" என்று நாலு திசையிலிருந்தும் அதிகாரி கேட்டார். அம்மா போனைப் பறித்துக்கொண்டு, "ஐயா, நீங்க யாரோ எவரோ, எம்புள்ளைக்கு அம்ம போட்டுகீதுன்னு உங்களுக்குத் தெரிஞ்சுகீது, எனக்குத் தெரியலியே!" என்று அழுதாள். அழுதுகொண்டே சட்டையைத் தூக்கி என் முதுகைப் பார்த்தாள்.

"எங்கடா?" என்றாள்.

முதுகில் ஒன்றும் இல்லை. வேப்பங்கொத்துகள் ஒவ்வொன்றாகக் கீழே இறங்கின. அந்த நேரம் பார்த்துத்தான் என் நைனா வந்து சேர்ந்தார். களத்துமேட்டிலிருந்து ஓடிவந்திருக்கிறார். காலில் செருப்பு இல்லை, முழங்கால்வரை சேறு, தோளில் ஒரு முழு வேப்பங்கிளை. என் முகத்தைப் பார்த்தார், முதுகைப் பார்த்தார். கிளையை மெதுவாகத் தரையில் வைத்துவிட்டு மேடை ஓரத்தில் உட்கார்ந்தார். மூச்சு இரைத்துக்கொண்டிருந்தது. ஒரு வார்த்தை திட்டியிருந்தால்கூட எனக்குத் தேவலையாக இருந்திருக்கும். அன்று பட்ட வெட்கம் இப்போதும் நினைத்தால் காது சூடாகும்.

"கைல காப்பக் கட்டிக்கினு அம்மா பேர்ல பொய்யா?" என்றார் ஏகாம்பரம் மாமா.

போன் என் கைக்குத் திரும்பி வந்தது. மஞ்சள் தண்ணீர் சொட்டச் சொட்ட அதிகாரியைப் பார்த்தேன். அவர் என் முகத்தைப் பார்க்கவில்லை, கையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"அது காப்பா தம்பி?"

"ஆமா சார்."

"எதுக்குங்க அம்மைன்னு சொன்னீங்க? காப்புக் கட்டியிருக்கேன், ஊரைத் தாண்டக் கூடாதுன்னு சொல்லியிருந்தா அடுத்த வாரம் வரச் சொல்லியிருப்பேனே. செய்யாறு பக்கம் எங்க ஊரு. எங்க வீட்லயும் கட்டுவாங்க." மீசையைத் தடவிக்கொண்டார். "மெஷின் நின்னா நின்னுச்சுன்னு சொல்ற ஆள்தான் சூப்பர்வைசருக்கு வேணும். உடம்பப் பாத்துக்கோங்க."

திரை அணைந்தது. எல்லாவற்றையும் ஊரே கேட்டது. வாயில் இட்லியோடு ஓடிவந்த அன்பு அப்போதுதான் அறையைத் திறந்தான்.

வேலை போனது. தண்டனை அதோடு முடியவில்லை. அம்மன் பேரில் சொன்னது பொய்யாகக் கூடாது என்று அம்மா தீர்மானித்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமைவரை, இல்லாத அம்மைக்கு வேப்பிலைமேல் படுத்துக் கிடந்தேன். கூழும் இளநீரும்தான் ஆகாரம். வாசலில் வேப்பிலை கட்டினார்கள். நைனா மட்டும் மூன்றாம் நாள் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, "நீலச் சட்டதானே, வரும் வுடு" என்று சொல்லிவிட்டுப் போனார். திரும்பிப் படுத்துக்கொண்டு அழுதேன்.

இரண்டு வருடம் கழித்து வேறொரு இடத்தில் அது வந்தது. இந்த முறை யாரிடமும் மூச்சுவிடவில்லை. துவைக்கப் போட்ட துணியில் நீலச் சட்டையைப் பார்த்துத்தான் அம்மாவுக்கே தெரியும். ஆனால் வீட்டில் நான் எதையாவது ஆரம்பிக்கப்போகிறேன் என்று வாயைத் திறந்தால் போதும், நாளையிலிருந்து நடைப்பயிற்சி என்றால்கூட, செல்வி குரலைக் கனமாக்கிக்கொண்டு, "அம்மை எப்படி இருக்கு இப்போ?" என்பாள். என் மனைவியும் கற்றுக்கொண்டுவிட்டாள்.

பரிகாரமாக வருடா வருடம் காப்புக் கட்டிக்கொண்டு ஒரு குடம் கூழ் ஊற்றுகிறேன். ஏகாம்பரம் மாமா கயிற்றைக் கையில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு ஆடியிலும் என்னிடம் மட்டும் முதலில் கேட்பார்: "இந்த வாரம் எங்கனா இண்டர்வியூ கீதா?" வரிசையே சிரிக்கும். இல்லை மாமா என்று கையை நீட்டுவேன்.

போன ஆடியில் இருந்தது. பதவி உயர்வுக்கான இண்டர்வியூ, சரியாக அந்த வாரத்தில். மூன்று நாள் எழுதி எழுதி அழித்தபின், ஆபீசுக்கு ஒரே வரி எழுதினேன்: காப்புக் கட்டுகிறேன், கூழ் முடிந்து வருகிறேன். சரி, அடுத்த வாரம் வாருங்கள் என்று பத்து நிமிடத்தில் பதில் வந்துவிட்டது.

"கீது மாமா" என்றேன் இந்த முறை. "காப்பு கட்டிக்கினு வர முடியாதுன்னு சொன்னேன். அடுத்த வாரத்துக்கு மாத்திட்டாங்கோ."

வரிசை சிரிக்கவில்லை. மாமா என்னை ஒரு முறை ஏற இறங்கப் பார்த்துவிட்டுக் கயிற்றைக் கட்டத் தொடங்கினார். எனக்குப் பெருமையாக இருந்தது. ஒரு வார்த்தை பேசலாம் என்று தொண்டையைச் செருமினேன். அதற்குள் பின்னாலிருந்து செல்வி கேட்டுவிட்டாள்.

"எதுக்கும் சட்டையத் தூக்கி முதுகப் பாத்துட்டுக் கட்டு மாமா!"

பக்கத்தில் நின்றிருந்த மைக்கை அன்பு அணைக்கவில்லை. ஏரிக்கரைவரை கேட்டிருக்கிறது.