பிரம்மநாயகத்தின் பெட்டிக்கு ஆடி தெரியாது

சத்தியமாகச் சொல்கிறேன், இதில் ஒரு எழுத்துப் பொய் இருந்தாலும் தாராவிப் பிள்ளையார் என் மிச்சமிருக்கிற நாலு பல்லையும் பிடுங்கிக்கொள்ளட்டும். நாலில் மூன்று சொத்தை. அதனால் சத்தியம் கொஞ்சம் மலிவுதான். ஆனாலும் சத்தியம்.

செல்போன் முதலாளிமார் இடுப்பில் மட்டும் தொங்கிய காலம். தோல்பை தைக்கிற கார்கானாவில் கட்டிங் மாஸ்டர் பிரம்மநாயகம். கத்தியை வைத்தால் கோடு தப்பாது. ஆனால் ஞாபகசக்தி மட்டும் சல்லடை. காலையில் செருப்பு மாட்டுவதிலிருந்து அமாவாசை வரைக்கும் பெண்டாட்டி முருகம்மாள்தான் எடுத்துச் சொல்ல வேண்டும்.

அவள் ஊருக்குப் போயிருந்த ஒரு வாரத்தில்தான் மானம் போனது. வடாலாவில் இருக்கிற தங்கச்சி முத்துமாரியின் மூத்த மகளுக்குக் காதுகுத்து. தாய்மாமன் மடியில் உட்கார வைத்துக் குத்த வேண்டும். மாமன் போய்ச் சேர்ந்தபோது பந்தியில் கை கழுவிக்கொண்டிருந்தார்கள். பிள்ளை யாரோ ஒரு சித்தப்பன் மடியில் உட்கார்ந்து அழுது முடித்திருந்தது.

"அண்ணே, சின்னவளுக்கும் உன் மடி இல்லேன்னா, எனக்கு அண்ணனே இல்லேன்னு நெனச்சுக்கிடுதேன்" என்றாள் முத்துமாரி.

அந்தச் சொல் குத்தியது. காதில் அல்ல, நெஞ்சில். போனஸ் வந்த அன்றைக்கே பிரம்மநாயகம், தேதியைப் போட்டு வைத்தால் அன்றைக்குக் கத்தி எழுப்புகிற ஒரு டிஜிட்டல் டைரி வாங்கிவிட்டான்.

"என்னது இது, சோப்பு டப்பா மாதிரி?" என்றாள் முருகம்மாள்.

"டிஜிட்டல் டைரிட்டி. ஆயிரம் போன் நம்பர் அடங்கும்."

"நம்ம ஒத்தை ரூம் கோலியில போனே கிடையாதே."

"எல்லா ஊரு மணியும் காட்டும். லண்டன்ல இப்ப மணி என்ன, தெரியுமா?"

"லண்டன்ல எத்தனை மணிக்குத் தண்ணி வருதாம்?"

பக்கத்துக் கோலி ஷரீஃபுன்னிசா வாசலில் வந்து சாய்ந்தாள். "இதுக்குச் சோறு கீறு போடணுமா அண்ணே?"

"பேட்டரி போட்டாப் போதும். வாயும் பேசாது" என்று சொல்லிவிட்டுப் பெண்டாட்டியைப் பார்த்தான். அங்கேதான் சனி பிடித்தது. "ஏட்டி, இன்னையிலேருந்து நீ எனக்கு எதையும் ஞாபகப்படுத்தப்படாது. தேதி கீதின்னு வாயே தொறக்கப்படாது. எல்லாம் பெட்டி பாத்துக்கிடும்."

"பெட்டி தப்பிப்போச்சுன்னா?"

"ஆயுசு பூரா நான் தண்ணி பிடிக்கேன்!"

"ஷரீஃபு, கேட்டியா?"

"நல்லாக் கேட்டேன்க்கா. சுவருக்கு அந்தப் பக்கம் எங்க வீட்டுக்காரரும் கேட்டாரு."

பெட்டிக்கு ஒரு ரகசிய எண் போட்டான். அது மறந்துவிடுமே? அதனால் அடுப்படியில் தொங்கிய தினசரி காலண்டர் அட்டையில் கொட்டை எழுத்தில் எழுதி வைத்தான். ரகசியத்தை இவ்வளவு பத்திரமாக வைத்த ஆள் பம்பாயிலேயே கிடையாது.

ஜூலை கடைசியில் தங்கச்சி புருஷன் சுடலைக்கண்ணன் வந்தான். "மச்சான், ஆவணி பத்து. சின்னவளுக்குக் காதுகுத்து. மேளத்தோட வந்து எறங்கணும், பாத்துக்கிடும்."

"பெட்டியில போட்டாச்சு மாப்ளே!"

பெட்டி மாதத்தைக் கேட்டது. அதற்குத் தெரிந்தது இங்கிலீஷ் மாதம்தான். ஆவணி என்றால் ஆகஸ்ட், இது சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆகஸ்ட், பத்து. கடுகு கடுகான பொத்தானில் அவன் குத்துவதை முருகம்மாள் எட்டிப் பார்த்தாள். வாயைத் திறந்தாள். பிறகு நெற்றியைச் சுளித்து, வாயை மூடிக்கொண்டு வெங்காயம் உரிக்கப் போனாள்.

ஆகஸ்ட் பத்து, காலை ஆறு மணி. பெட்டி கத்தியது. பிரம்மநாயகம் பட்டுவேட்டியோடு துள்ளி எழுந்தான். மறந்துவிடக் கூடாதென்று வேட்டியைக் கட்டிக்கொண்டே படுத்திருந்தான்.

"பாத்தியா! நீ எழுப்பினியா? பெட்டி எழுப்பிச்சு. சீர்த்தட்டு?"

"ஏழு தட்டும் மூடிக் கட்டி வச்சிருக்கேன்."

"நீ வரலையா?"

"நான் வாற அன்னைக்கு வாரேன்."

அந்தச் சொல்லில் என்னவோ இடித்தது. ஆனால் வாசலில் மேளக்காரர்கள் நின்றார்கள், தட்டுத் தூக்கக் கார்கானா ஆட்கள் ஏழு பேர் லீவு போட்டு நின்றார்கள். இடித்ததை மறந்துவிட்டான்.

வடாலா சந்துக்குள் மேளம் நுழைந்ததும் மூன்று மாடி ஜன்னலும் திறந்தன. இருபது நாய் கூடவே வந்தது. முதல் தட்டுக்கு முன்னால் மாமன், நெஞ்சு நிமிர்த்தி, சட்டைப்பையில் பெட்டி பளபளக்க. சந்துக் கடைசியில் குழாயடியில் சுடலைக்கண்ணன் பனியனோடு பல் தேய்த்துக்கொண்டிருந்தான். வாயில் நுரை.

"என்ன மச்சான், யாருக்குக் கல்யாணம்?"

"வெளையாடாதேயும் மாப்ளே. பந்தல் எங்க? பிள்ளை எங்க?"

"பிள்ளை பள்ளிக்கூடம் போயிருக்கா." சுடலைக்கண்ணன் நுரையைத் துப்பினான். "மச்சான், இன்னைக்கு ஆடி இருபத்தஞ்சு. ஆடியில எவனாவது காது குத்துவானா வே?"

மேளம் நின்றது. மேளக்காரன் சிரித்த சிரிப்பு மட்டும் நிற்கவில்லை. மாடியிலிருந்து ஒரு மராத்திக்கார அம்மாள் என்ன விசேஷம் என்று கேட்டாள். யாரோ சொன்னார்கள். அவளும் சிரித்தாள். பிரம்மநாயகம் தரையைப் பார்த்தான். பம்பாயில் எத்தனையோ இடத்தில் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், அந்தச் சந்தில் மட்டும் விழுவதற்கு ஒரு குழி இல்லை.

முத்துமாரி வெளியே வந்தாள். அண்ணன் முகத்தைப் பார்த்தாள். தட்டுத் துணியை விலக்கினாள். கத்தரிக்காய். அடுத்தது முருங்கைக்காய். மூன்றாவதில் அரைப் பூசணி. பட்டுப்பாவாடை இல்லை, கம்மல் இல்லை, பழம்கூட இல்லை. ஏழாவது தட்டில் அடுப்படித் தினசரி காலண்டர் படுத்துக் கிடந்தது. ஆவணி பத்தாம் தேதித் தாள் மட்டும் ஓரம் மடக்கி இருந்தது.

"மைனி ஒரு வாரத்துக்குக் காய் அனுப்பியிருக்காவ" என்றாள் முத்துமாரி. அதற்கு மேல் சிரிப்பை அடக்க அவளால் முடியவில்லை.

கோலிக்குத் திரும்பியபோது முருகம்மாள் அரிசி களைந்துகொண்டிருந்தாள்.

"உனக்குத் தெரியுமாட்டி?"

"அன்னைக்கே தெரியும். சந்தேகத்துக்கு ரகசிய நம்பரைப் போட்டும் பாத்தேன்."

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லா!"

"வாயத் தொறக்கப்படாதுன்னு சொன்னது யாரு?"

சுவருக்கு அந்தப் பக்கத்திலிருந்து ஷரீஃபுன்னிசா குரல் கொடுத்தாள். "அண்ணன்தான் சொன்னாருக்கா!"

ஆவணி பத்து விடியற்காலை. நிஜப் பட்டுப்பாவாடை, நிஜக் கம்மல் வைத்த ஏழு தட்டோடு முருகம்மாள் தயாராக நின்றாள். வாய் மட்டும் திறக்கவில்லை. பிரம்மநாயகம் அடிக்குரலில் தானே கேட்டான்: "முருகு, இன்னைக்குத் தேதி என்ன?"

சின்னவள் மாமன் மடியில்தான் உட்கார்ந்தாள். ஊசி ஏறியபோது பிள்ளை அழவில்லை, மாமன்தான் அழுதான். அந்தப் பாழாய்ப்போன பெட்டியால் ஏதாவது பிரயோஜனம் உண்டா என்று கேட்கிறீர்களா? உண்டு. ஆனால் வாங்கியவனுக்கு இல்லை. முருகம்மாள் இரண்டே நாளில் எல்லாப் பொத்தானையும் படித்துவிட்டாள்.

இவ்வளவுதான் கதை. இதைச் சொன்னது யாரென்று மட்டும் யாரிடமும் மூச்சு விடாதீர்கள். அந்தப் பிரம்மநாயகம் எங்கே இருக்கிறான் என்று தேடிக்கொண்டும் வராதீர்கள். அவன் யாரோ, நான் யாரோ. எனக்கும் அவனுக்கும் ஒரு சம்பந்தமும்...

இருங்கள், பெட்டி கத்துகிறது. மணி நாலு. குழாயில் தண்ணீர் வந்திருக்கும், குடத்தை எடுக்க வேண்டும்.